ஏழு டாலரை வாங்க மறுத்த பட்டாளம்: 54ஆவது மாசசூசெட்ஸ் காலாட்படை, 1863–65

1863 செப்டம்பர் 30. தென் கரோலினாவில், சார்ல்ஸ்டன் துறைமுகத்தின் வாசலை ஒட்டிக் கிடக்கும் மோரிஸ் தீவுக்குச் சம்பளம் பட்டுவாடா செய்யும் ராணுவ அதிகாரி வந்து சேர்ந்தார். அங்கே முகாமிட்டிருந்த 54ஆவது மாசசூசெட்ஸ் தன்னார்வக் காலாட்படை ரெஜிமென்ட்டின் சிப்பாய்கள் அதுவரை மத்திய அரசிடமிருந்து சம்பளம் என்று ஒரு சென்ட் கூட வாங்கியதில்லை. படையில் சேர்ந்து பலருக்கு ஆறு மாதம் தாண்டியிருந்தது. இரண்டரை மாதத்துக்கு முன்புதான் ஒரே இரவில் தங்களில் கிட்டத்தட்ட பாதிப் பேரைப் பறிகொடுத்திருந்தார்கள். அதிகாரி கொடுக்க வந்தது மாதத்துக்கு 10 டாலர். அதிலும் 3 டாலர் துணிமணிக்கென்று பிடித்தம். கையில் வருவது 7. சிப்பாய்கள் வாங்க மறுத்துவிட்டார்கள்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் (அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களுக்கும் வடக்குக்கும் நடந்த போர்) வடக்கின் பக்கம் நின்று சண்டையிட்ட கருப்பினப் படைகளில் இந்த ரெஜிமென்ட்டுக்குத்தான் பேர் அதிகம். அந்தப் பேர் வாக்னர் கோட்டைத் தாக்குதலால் வந்தது. எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அங்கே தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். கோட்டைச் சண்டை ஒரு மாலையில் ஆரம்பித்து அன்று நள்ளிரவுக்குள் தீர்ந்தது. சம்பளச் சண்டை பதினெட்டு மாதம் நடந்தது. வீரம் என்று பார்த்தால் முதலாவது, இவர்கள் சாதித்தது என்ன என்று பார்த்தால் இரண்டாவது. இந்த ஆய்வு இரண்டாவதைப் பற்றியது. ஆனால் முதலாவதைச் சொல்லாமல் இரண்டாவதின் கனம் தெரியாது.

இரண்டு சட்டங்கள், ஒரு வாக்கு

1863 ஜனவரி 1 அன்று லிங்கன் வெளியிட்ட அடிமை விடுதலைப் பிரகடனம், கருப்பின ஆண்களைப் படையில் சேர்த்துக்கொள்ள வழி திறந்தது. அந்த மாதமே மாசசூசெட்ஸ் ஆளுநர் ஜான் ஆண்ட்ரூ போர்த்துறைச் செயலர் எட்வின் ஸ்டான்டனிடம் அனுமதி வாங்கினார். மற்ற தன்னார்வப் படைகளுக்கு என்ன சம்பளமோ, என்ன சாப்பாடோ, அதேதான் இவர்களுக்கும் என்பது ஆண்ட்ரூவுக்குக் கிடைத்த உறுதி. ஆள் சேர்க்க ஒட்டிய சுவரொட்டியில் "மாதம் 13 டாலர்" என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது. நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டரிலிருந்து அறைகூவல் விடுத்த, முன்னாள் அடிமையும் அடிமை ஒழிப்புத் தலைவருமான ஃபிரெடரிக் டக்ளஸும், சம்பளத்தில் வித்தியாசம் இருக்காது என்று உறுதி சொல்லும் அதிகாரம் தனக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று எழுதித்தான் ஆட்களைக் கூப்பிட்டார். தன் பிள்ளைகள் லூயிஸையும் சார்ல்ஸையும் சேர்த்துவிட்டார்.

மாசசூசெட்ஸில் கருப்பின மக்கள்தொகையே குறைவு. ஒரு ரெஜிமென்ட்டை நிரப்ப அந்த மாநிலம் மட்டும் போதாது. எனவே ஜார்ஜ் ஸ்டெர்ன்ஸ் தலைமையில் ஒரு குழு நியூயார்க், பென்சில்வேனியா, ஓஹையோ என்று வடக்கு முழுக்க ஆள் திரட்டியது, கனடாவிலிருந்தும் வந்தார்கள். பாஸ்டனுக்குப் பக்கத்தில் ரீட்வில் என்ற இடத்தில் இருந்த மெய்க்ஸ் முகாமில் பயிற்சி. விவசாயிகள், கப்பல் வேலைக்காரர்கள், முடிதிருத்துவோர், கூலித் தொழிலாளிகள். பெரும்பாலானோர் சுதந்திர மனிதர்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களும் கணிசம். கடைசி விவரத்தை மனதில் வையுங்கள், பிறகு வேண்டியிருக்கும். அதிகாரிகள் எல்லோரும் வெள்ளையர்கள். கர்னல் ராபர்ட் கூல்ட் ஷாவுக்கு வயது 25, பாஸ்டனின் வசதியான அடிமை ஒழிப்புக் குடும்பத்துப் பிள்ளை. பதவியை முதலில் வேண்டாமென்று சொல்லி, பிறகு மனம் மாறி ஏற்றுக்கொண்டவர்.

1863 மே 28 அன்று பாஸ்டன் வீதிகளில் கூட்டம் அலைமோத அணிவகுத்துப்போய்க் கப்பலேறினார்கள். அவர்கள் தெற்கே போய் இறங்கிய அதே நாட்களில் வாஷிங்டனில் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. கருப்பின வீரர்கள் அனைவரும் 1862 ஜூலை 17 மிலிஷியா (குடிப்படை) சட்டத்தின்படி சேர்க்கப்பட்டவர்கள், ஆகவே அந்தச் சட்டத்தின் ஊதியமே அவர்களுக்கும் என்று போர்த்துறையின் சட்ட ஆலோசகர் வில்லியம் வைட்டிங் கருத்துச் சொல்ல, அதுவே ஆணையாகிவிட்டது.

அந்த மிலிஷியா சட்டம் யாரை நினைத்து எழுதப்பட்டது என்று பார்த்தால் பிரச்சினை விளங்கும். தெற்கின் பண்ணைகளிலிருந்து தப்பி வந்து ராணுவ முகாம்களில் தஞ்சம் புகுந்தவர்களைப் பதுங்குகுழி தோண்டவும், முகாம் வேலை பார்க்கவும் பயன்படுத்திக்கொள்வதுதான் அதன் முதல் நோக்கம். ராணுவப் பணிக்கும் வைத்துக்கொள்ளலாம் என்பதும் அதில் இருந்தது. ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு 10 டாலர், அதில் 3 டாலர் துணியாக இருக்கலாம் என்றது. இதே காலத்தில் வெள்ளைச் சிப்பாய்க்கு 13 டாலர் கையில், துணிக்கு மூன்றரை டாலர் தனியாக. இதோடு முடியவில்லை. வெள்ளைப் படையில் பதவி உயர்ந்தால் சம்பளம் ஏறும்: சார்ஜென்ட்டுக்கு 17, சார்ஜென்ட் மேஜருக்கு 21. கருப்பினப் படையிலோ சிப்பாயும் சார்ஜென்ட் மேஜரும் ஒன்றுதான், எல்லோருக்கும் அதே 10, கையில் 7. முகாமில் ஆயிரம் பேரை வரிசையில் நிறுத்தும் சார்ஜென்ட் மேஜருக்கு, பக்கத்து வெள்ளை ரெஜிமென்ட்டின் கடைநிலைச் சிப்பாய் வாங்குவதில் கிட்டத்தட்ட பாதிதான் கிடைக்கும்.

விஷயம் காதுக்கு வந்ததுமே ஷா ஜூலை 2 அன்று ஆளுநருக்கு எழுதினார்: சொன்ன சம்பளத்தை முழுசாகக் கொடுங்கள், இல்லையென்றால் இவர்களைப் படையிலிருந்து விடுவித்துவிடுங்கள். இதை எழுதிய பதினாறாம் நாள் அவர் உயிரோடு இல்லை.

மணல் கோட்டை

ரெஜிமென்ட்டின் முதல் வேலை பெருமைப்படும்படி இல்லை. ஜூன் 11 அன்று ஜார்ஜியாவின் டேரியன் என்ற சிறு ஊரை, எதிர்ப்பே இல்லாத நிலையில் சூறையாடி எரித்தார்கள். உத்தரவு மேலதிகாரியான கர்னல் ஜேம்ஸ் மான்ட்காமரியுடையது. ஷா மனமில்லாமல் உடன்பட்டார், பிறகு கடிதங்களில் பொருமினார். தன் ஆட்கள் வெறும் கொள்ளைக்கூட்டமாகப் பேர் வாங்கிவிடுவார்களோ என்ற பயம்தான் நிஜமான சண்டையைத் தேடி அவரை உந்தியது என்று சொல்லலாம்.

ஜூலை 16 அன்று ஜேம்ஸ் தீவில் அந்தச் சண்டை வந்தது. விடியற்காலையில் காவலில் நின்ற 54இன் கம்பெனிகள் (ரெஜிமென்ட்டின் உட்பிரிவுகள்) எதிரியைத் தாமதப்படுத்தியதால், ஆபத்தான இடத்தில் மாட்டியிருந்த 10ஆவது கனெக்டிகட் ரெஜிமென்ட் தப்பித்தது. அன்று இரவே இடியும் மழையுமாகச் சதுப்பு நிலத்தின் நடுவே, ஒற்றைப் பலகை பாவிய நடைபாதையில் வரிசையாக நடந்து பின்வாங்கினார்கள். ஒழுங்கான தூக்கமில்லை, சாப்பாடு என்று சொல்ல ஒன்றுமில்லை. 18ஆம் தேதி மாலை மோரிஸ் தீவில் வந்து நின்றபோது, அன்றிரவே கோட்டையைத் தாக்கப்போகும் படைக்கு முன்வரிசையாக நிற்கச் சம்மதமா என்று ஷாவிடம் கேட்கப்பட்டது. அவர் சரி என்றார்.

வாக்னர் கோட்டையைக் கல் கோட்டை என்று நினைத்துவிடக் கூடாது. மணலும் பனைமரக் கட்டைகளும் சேர்த்துக் கட்டிய மேடு அது. குண்டு விழுந்தால் மணல் விழுங்கிக்கொள்ளும். அன்று காலையிலிருந்து கடலில் நின்ற இரும்புக் கவசக் கப்பல்களும் தரைப் பீரங்கிகளும் இடைவிடாமல் சுட்டன. உள்ளே ஒன்றும் மிஞ்சியிருக்காது என்று வடக்குப் படைத் தளபதி ஜெனரல் கில்மோர் நம்பினார். ஆனால் கோட்டையைக் காத்த தெற்குத் தளபதி டாலியஃபெரோவின் ஆட்களில் பெரும்பாலோர் மணலுக்கடியில் இருந்த காப்பறையில் பத்திரமாக இருந்தார்கள்.

கோட்டையை அணுக ஒரே வழி, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சதுப்பு என்று இடையில் கிடந்த மணல் துண்டு. கோட்டையை நெருங்க நெருங்க அது குறுகும். 600 பேர் இருட்டும் நேரத்தில் அந்தக் குறுகலில் நெருக்கியடித்துக்கொண்டு ஓடினார்கள். வலது ஓரத்தில் இருந்தவர்கள் முழங்கால் தண்ணீரில் ஓடினார்கள். அகழியைத் தாண்டி மணற்சரிவில் ஏறி ஷா மேலே நின்றபோது சுடப்பட்டு விழுந்தார். மேட்டின் உச்சியைச் சிறிது நேரம் பிடித்து வைத்திருந்தார்கள். பின்னால் வந்த படைகள் தாமதமாக வந்து, அவையும் சிதைந்தன. கொடி ஏந்தியவர் விழுந்தபோது நியூ பெட்ஃபர்டைச் சேர்ந்த சார்ஜென்ட் வில்லியம் கார்னி அதை எடுத்துக்கொண்டு ஏறினார். பல காயங்களோடு, கொடியை மண்ணில் படவிடாமல் திரும்பக் கொண்டுவந்தார். அதற்கான மெடல் ஆஃப் ஹானர் என்ற உச்ச ராணுவ விருது அவர் கைக்கு வந்தது 1900இல்.

54இன் இழப்பு, இறந்தவர், காயம்பட்டவர், பிடிபட்டவர் எல்லாம் சேர்த்து 270 பேருக்கு மேல். மொத்தத் தாக்குதலில் வடக்குக்கு 1,500 பேருக்கு மேல் சேதம். தெற்குக்கு 200 கூட இல்லை. ராணுவக் கணக்கில் சுத்தமான தோல்வி. கோட்டையைத் தெற்குப் படை செப்டம்பர் 7 அன்று தானாகவே காலி செய்தது. காரணம், அதற்குள் மணலில் வளைந்து வளைந்து கோட்டைச் சுவர் வரை தோண்டிக்கொண்டு போயிருந்த பதுங்குகுழிகள். அந்த மண்வேலையில் பெரும்பங்கு யாருடையது? 54உம் மற்றக் கருப்பின ரெஜிமென்ட்டுகளும்தான். சுட்டெரிக்கும் வெயிலிலும் பீரங்கிக் குண்டுக்கு நடுவிலும் இரவு பகலாகத் தோண்டினார்கள். போதாததற்கு, வெள்ளை ரெஜிமென்ட்டுகளின் முகாம் இடத்தைச் சுத்தம் செய்யும் வேலையும் சில சமயம் இவர்கள் தலையில் விழுந்தது. புகார் போன பிறகு கில்மோர் அதைத் தடை செய்து உத்தரவு போட்டார்.

இவர்கள் சிப்பாய்களா இல்லையா என்ற கேள்வி இன்னொரு இடத்திலும் ஓடிக்கொண்டிருந்தது. வாக்னரில் பிடிபட்ட 54இன் வீரர்களை என்ன செய்வது என்று தெற்கு குழம்பியது. ஆயுதம் ஏந்திய கருப்பினத்தவரைப் போர்க்கைதியாக மதிக்காமல், அடிமைக் கலகச் சட்டப்படி மாநிலத்திடம் ஒப்படைப்பது என்பது தெற்கின் அதிபர் ஜெஃபர்சன் டேவிஸ் அரசின் கொள்கை. அப்படிச் செய்தால் பழிக்குப் பழி வாங்குவோம் என்று ஜூலை 30 அன்று லிங்கன் ஆணையிட்டார். நிறம் எதுவானாலும் தன் சிப்பாயைக் காப்பது அரசின் கடமை என்றது அந்த ஆணை. செப்டம்பரில் சார்ல்ஸ்டனில் நால்வரை நிறுத்தி விசாரித்தார்கள். நெல்சன் மிட்செல் என்ற உள்ளூர் வழக்கறிஞர் அவர்களுக்காக வாதாடினார். இவர்களை விசாரிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று நீதிமன்றம் கைகழுவியது. ஆக, எதிரியின் நீதிமன்றமே இவர்களை அடிமைக் கலகக்காரர் என்று தீர்ப்பெழுதத் தயங்கியது. கைதி விஷயத்தில் இவர்களைச் சிப்பாய் என்று உரக்கச் சொன்ன வாஷிங்டன்தான் சம்பள விஷயத்தில் சொல்ல மறுத்தது.

கையெழுத்துப் போட மறுத்தது

செப்டம்பர் 30க்குத் திரும்பலாம். பணத்தை வாங்க மறுத்தவர்களை அழைத்து வைத்துப் பேசியவர் டேரியனை எரிக்கச் சொன்ன அதே மான்ட்காமரி. சண்டையிடக் கிடைத்த வாய்ப்புக்கு நீங்கள்தான் காசு கொடுக்க வேண்டும், சம்பளத்தை மறுப்பது கலகம், கலகத்துக்குத் தண்டனை மரணம் என்கிற தோரணையில் பேசினார். அவர்கள் மசியவில்லை.

இரண்டு நாள் முன்பு, கார்னியின் கம்பெனியைச் சேர்ந்த கார்ப்பரல் ஜேம்ஸ் ஹென்றி குடிங் லிங்கனுக்கே நேராக ஒரு கடிதம் எழுதியிருந்தார். திமிங்கில வேட்டைக் கப்பலில் வேலை பார்த்தவர், ஊர்ப் பத்திரிகைக்கு முகாமிலிருந்து தொடர்ந்து எழுதியவர். நாங்கள் சிப்பாய்களா, கூலியாட்களா என்பதுதான் கேள்வி என்று அதில் கேட்டார். ஆயுதம் தந்திருக்கிறீர்கள், சிப்பாயின் எல்லா வேலையும் செய்தோம், செத்தோம். சம்பளம் மட்டும் ஏன் வேறு?

இந்தக் கடிதத்தைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள், ஆனால் நடுவில் உள்ள ஒரு பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். விடுவிக்கப்பட்ட அடிமைகளின் சேவையைக் குறைத்துச் சொல்லவில்லை என்று பணிவாகச் சொல்லிவிட்டு, குடிங் தொடர்கிறார்: அவர்களுக்கென்று காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) ஒரு ஏற்பாடு செய்திருக்கிறது, அவர்களுக்கு அரசு தற்காலிகப் பாதுகாவலர், நாங்கள் அப்படியில்லை, பிறப்பிலேயே சுதந்திர மனிதர்கள், அந்தச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது. சட்ட வாதமாக இது கெட்டிக்காரத்தனம். தவறான சட்டப் பிரிவில் எங்களைப் போட்டுவிட்டீர்கள் என்றால் அரசு தன் தவற்றைக் கௌரவமாகத் திருத்திக்கொள்ளலாம். ஆனால் அது ஒரு கோடும் போடுகிறது, சுதந்திரமாகப் பிறந்தவனுக்கும் நேற்று விடுதலையானவனுக்கும் நடுவில். அந்தக் கோடு ஒன்பது மாதம் கழித்துச் சட்டமாகவே வந்து நின்றது.

சரி, வாங்கிக்கொண்டே எதிர்ப்புத் தெரிவித்திருக்கலாமே? வீட்டில் மனைவி, பிள்ளைகள். சில குடும்பங்கள் ஏழைகள் விடுதி வரை போயின. முகாமில் சோறும் துணியும் ராணுவம் தரும்; வீட்டுக்கு அனுப்பத்தான் ஒன்றுமில்லை. ஆக, பட்டினி முகாமைவிட வீட்டில்தான் அதிகம். இருந்தும் வாங்காததற்குக் காரணம் சம்பளப் பட்டியல். அதில் கையெழுத்துப் போடுவது அந்தத் தொகைக்குச் சம்மதித்த மாதிரி. ஒரு முறை போட்டுவிட்டால் வழக்கு முடிந்தது.

அப்புறம்தான் யாரும் எதிர்பார்க்காத திருப்பம். நவம்பரில் ஆளுநர் ஆண்ட்ரூ சட்டமன்றத்தைக் கூட்டி, குறைகிற தொகையை மாசசூசெட்ஸ் கருவூலமே ஈடுகட்டும் என்று சட்டம் போட்டார். டிசம்பரில் பணத்தோடு ஆட்கள் மோரிஸ் தீவுக்கு வந்தார்கள். கணக்குப்படி பார்த்தால் பிரச்சினை தீர்ந்தது: 7 அங்கிருந்து, 6 இங்கிருந்து, மொத்தம் 13. ரெஜிமென்ட் அதையும் வாங்கவில்லை.

என்னைக் கேட்டால் இந்த மொத்த விவகாரத்தின் அச்சாணி இதுதான். செப்டம்பர் மறுப்பைக் கூலித் தகராறு என்று சொல்லிவிடலாம். டிசம்பர் மறுப்பை அப்படிச் சொல்ல முடியாது. மாநிலத்துக்கு நன்றி சொன்னார்கள். ஆனால் அந்த ஆறு டாலரை வாங்கினால், மத்திய அரசு எங்களைக் குறைவாக மதிப்பது சரிதான் என்று நாங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்றார்கள். பாஸ்டனில் இருந்த நலம்விரும்பிகள் சிலருக்கே இது புரிய நேரமானது. உதவ வந்த கையைத் தட்டிவிட்டால் அப்படித்தான்.

சுடப்பட்டவர்

இதே மாதங்களில், இதே கடற்கரையில், இதே காரணத்துக்காக வேறொருவர் எதிர்த்தார். 3ஆவது தென் கரோலினா தன்னார்வப் படையின் சார்ஜென்ட் வில்லியம் வாக்கர். அடிமைகளாக இருந்து விடுதலையானவர்களின் ரெஜிமென்ட் அது. 1863 நவம்பரில், பேசிய சம்பளம் தராவிட்டால் இனி வேலை பார்க்க மாட்டோம் என்று வாக்கரின் கம்பெனி கர்னலின் கூடாரத்துக்கு முன் துப்பாக்கிகளைக் குவித்து வைத்தது. கலகம் என்று ராணுவ நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1864 பிப்ரவரி 29 அன்று ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் அவரைச் சுட்டுக்கொன்றார்கள். சிப்பாய் என்று சம்பளம் கொடுக்கச் சட்டம் கிடைக்காத அரசுக்கு, சிப்பாய் என்று சுட்டுக்கொல்ல மட்டும் சட்டம் கிடைத்துவிட்டது என்று ஆண்ட்ரூ பின்னர் கசந்து எழுதினார்.

54உம் வாக்கரும் செய்ததில் ஒரு வித்தியாசம் வெளிப்படை. 54 சம்பளத்தை மறுத்தது, வேலையை மறுக்கவில்லை. காவலுக்குப் போனார்கள், குழி தோண்டினார்கள், சண்டைக்குப் போனார்கள். கலகச் சட்டம் பிடிப்பதற்குத் தோதான இடம் கிடைக்காமல் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் அதை மட்டும் காரணமாகச் சொல்வது வாக்கருக்கு அநியாயம். 54க்குப் பின்னால் ஒரு ஆளுநர் இருந்தார். தன் சொல் பொய்யாகிவிட்டதே என்ற உறுத்தலில் வாஷிங்டனை விடாமல் தொந்தரவு செய்தவர். மாசசூசெட்ஸ் செனட்டர் ஹென்றி வில்சன் இருந்தார். சார்ஜென்ட் ஜார்ஜ் ஸ்டீஃபன்ஸ், குடிங் போலப் பத்திரிகைக்கு எழுதத் தெரிந்தவர்கள் படைக்குள்ளேயே இருந்தார்கள். வாக்னரின் புகழ் இருந்தது. ஷா இறந்த பிறகு கர்னலான எட்வர்ட் ஹாலோவெல் தன் ஆட்களின் பக்கம் நின்றார். வாக்கரின் ஆட்களுக்கு இது எதுவுமே இல்லை. அவர்களுக்குத் தெரிந்த எதிர்ப்பு, துப்பாக்கியைக் கீழே வைப்பது ஒன்றுதான்.

54இன் பொறுமையும் எல்லையற்றதாக இருக்கவில்லை. 1864 வசந்தத்தில் முகாமில் கொதிப்பு ஏறியது. உடன்பிறந்த ரெஜிமென்ட்டான 55ஆவது மாசசூசெட்ஸும் சம்பளத்தை மறுத்துக்கொண்டிருந்தது. அதன் சிப்பாய் ஒருவர் அதிகாரியை அடித்ததற்காக ஜூன் 18 அன்று ஃபோலி தீவில் சுடப்பட்டார். இன்னும் சில மாதம் இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது ஊகம்தான், நல்லவிதமாக ஆகியிருக்காது.

ஒலஸ்டி

சம்பளமில்லாத காலத்தின் நடுவில், 1864 பிப்ரவரி 20 அன்று, ஃபுளோரிடாவில் ஒலஸ்டி சண்டை. வாக்னர் தாக்குதலை நடத்திய அதே ஜெனரல் சீமோர்தான் இங்கும். எதிரியின் பலம் தெரியாமல் படைகளைத் துண்டு துண்டாக உள்ளே விட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். சுமார் 5,500 பேரில் 1,861 பேர் சேதம். முன்வரிசை உடைந்த பிறகு 54ஐ ஓட்டமாக உள்ளே அனுப்பினார்கள். "மாசசூசெட்ஸுக்கும் மாதம் ஏழு டாலருக்கும் ஜே!" என்று கத்திக்கொண்டே அவர்கள் சண்டைக்குள் போனதாகப் பதிவாகியிருக்கிறது. இவ்வளவு கசப்பான போர்முழக்கம் வேறெங்காவது உண்டா என்று தெரியவில்லை.

வட கரோலினாவில் திரட்டிய இன்னொரு கருப்பின ரெஜிமென்ட்டோடு சேர்ந்து, மற்றவர்கள் தப்பிக்கும்வரை சண்டை வரிசையைப் பிடித்து நின்றவர்கள் இவர்கள்தான். பின்வாங்கும் வழியில், காயம்பட்டவர்களை ஏற்றிவந்த ரயிலின் இன்ஜின் பழுதாகி நின்றுவிட்டது. அப்படியே விட்டால் எதிரி கையில் சிக்குவார்கள். கருப்பினக் காயம்பட்டவர்கள் என்றால் களத்திலேயே கொல்லப்படுவார்கள் என்பது அன்றே தெரிந்திருந்தது. நடந்து நடந்து ஓய்ந்துபோயிருந்த 54 திரும்பிப் போய், இன்ஜினுக்கும் பெட்டிகளுக்கும் கயிறு கட்டி, மைல் கணக்கில் கையாலேயே இழுத்துக்கொண்டு வந்தது.

கார்ப்பரல் குடிங் அந்தச் சண்டையில் காயம்பட்டுப் பிடிபட்டார். ஜார்ஜியாவின் ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் 1864 ஜூலை 19 அன்று இறந்தார்.

ஏப்ரல் 19, 1861

காங்கிரஸில் தடையாக நின்றது சம ஊதியம் என்ற கொள்கையைவிட, அதை எந்தத் தேதியிலிருந்து கொடுப்பது என்ற கணக்குதான். முன்தேதியிட்டுக் கொடுத்தால் கருவூலம் தாங்குமா என்று செனட்டர்கள் மாதக்கணக்கில் வாதாடினார்கள். இதற்கிடையில் 54இன் மதகுரு சாமுவேல் ஹாரிசனின் விவகாரம் உதவிக்கு வந்தது. வெள்ளை மதகுருவுக்கு 100 டாலர் என்றிருக்க, கருப்பினத்தவர் என்பதால் இவருக்கும் அந்தப் பத்து டாலர்தான் என்றார்கள். அவர் முறையிட்டார். முழுத் தொகைக்கும் அவருக்கு உரிமை உண்டு என்று அட்டர்னி ஜெனரல் எட்வர்ட் பேட்ஸ் 1864 ஏப்ரலில் கருத்தெழுதினார். மதகுருவுக்குப் பொருந்தாத மிலிஷியா சட்டம் சிப்பாய்க்கு மட்டும் எப்படிப் பொருந்தும்?

ஜூன் 15 அன்று சட்டம் வந்தது. அந்த ஆண்டு ஜனவரி 1 முதல் எல்லோருக்கும் சம சம்பளம். ஆனால் சேர்ந்த நாளிலிருந்து முழுப் பாக்கியும் வேண்டுமென்றால், 1861 ஏப்ரல் 19 அன்று சுதந்திர மனிதனாக இருந்திருக்க வேண்டும். அந்தப் பாக்கிக்கு மாதம் 13 டாலர்தான் கணக்கு என்று ஜூலையில் பேட்ஸ் உறுதி செய்தார்.

ஹாலோவெலுக்குச் சிக்கல். அவர் ரெஜிமென்ட்டில் அந்தத் தேதியில் சட்டப்படி அடிமையாக இருந்து, தப்பி வந்தவர்களும் உண்டு. சிப்பாய் சத்தியம் செய்தால் போதும் என்றது விதி. க்வேக்கர் (அடிமைமுறையை எதிர்த்த ஒரு கிறிஸ்தவப் பிரிவு) குடும்பத்தில் பிறந்த ஹாலோவெல் சத்தியத்தின் வாசகத்தைத் தானே எழுதினார்: 1861 ஏப்ரல் 19 அன்றோ அதற்கு முன்போ, கூலியில்லாத உழைப்பை நீ எந்த மனிதனுக்கும் கடன்பட்டிருக்கவில்லை என்று சத்தியம் செய்கிறாயா? சட்டம் ஒருவனை அடிமை என்று சொல்லலாம். கடவுள் முன்னால் அவன் யாருக்கும் இலவச உழைப்பு கடன்பட்டவனில்லை. எல்லோரும் கை உயர்த்தினார்கள், யாரும் பொய் சொல்லவில்லை. நூறு பக்க நீதிமன்றத் தீர்ப்பைவிட இந்த ஒரு வாக்கியத்தில் நியாயம் அதிகம்.

செப்டம்பர் கடைசியில் பட்டுவாடா நடந்தது. ரெஜிமென்ட் முழுவதற்கும் 1,70,000 டாலர். அதில் பெருந்தொகை உடனே கூரியர் கம்பெனி வழியாக வீடுகளுக்குப் போனது. அப்போது 54இன் பொறுப்பில் இருந்த வேலையையும் சொல்ல வேண்டும்: பிடிபட்ட 600 தெற்கு அதிகாரிகளை மோரிஸ் தீவில் அடைத்து வைத்திருந்தார்கள், அவர்களுக்குக் காவல். அடிமைச் சொத்துள்ள குடும்பத்துப் பிள்ளைகள் பலரும் இருந்த அந்தக் கூட்டத்தை வரிசையில் நிறுத்தி எண்ணியவர்கள் இந்தச் சிப்பாய்கள்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நவம்பரில் ஹனி ஹில்லில் ஒரு தோல்வி. 1865 பிப்ரவரியில் சார்ல்ஸ்டன் விழுந்தது. ஏப்ரல் 18 அன்று, தெற்கின் தளபதி லீ சரணடைந்து ஒன்பது நாள் ஆகியும் செய்தி எட்டாத உள்நாட்டுப் பகுதியில் பாய்கின்ஸ் மில் என்ற இடத்தில் கடைசிச் சண்டை; அங்கேயும் உயிர் போனது. ஆகஸ்ட் 20 அன்று படை கலைக்கப்பட்டு, செப்டம்பர் 2 அன்று பாஸ்டனில் கடைசியாக அணிவகுத்தார்கள். அதிகாரி பதவி என்ற இன்னொரு பூட்டையும் இதே ரெஜிமென்ட்டின் சார்ஜென்ட் ஸ்டீஃபன் ஸ்வெய்ல்ஸ்தான் திறந்தார். 1864 தொடக்கத்திலேயே ஆண்ட்ரூ அவருக்கு லெப்டினன்ட் பதவி கொடுத்தும், கருப்பினத்தவர் என்று போர்த்துறை மாதக்கணக்கில் ஏற்க மறுத்து, 1865 ஜனவரியில்தான் இறங்கி வந்தது. போருக்குப் பிறகு அவர் தென் கரோலினாவிலேயே தங்கி மாநில செனட்டரானார்.

ஹாலோவெலின் சத்தியம் 54ஐக் காப்பாற்றியது. ஆனால் கோடு அப்படியே இருந்தது. 1ஆவது தென் கரோலினா போன்ற, முழுக்க முழுக்க முன்னாள் அடிமைகளைக் கொண்ட ரெஜிமென்ட்டுகளில் எந்த வாசகம் எழுதினாலும் பிரயோஜனமில்லை. அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பது ஊரறிந்தது. இத்தனைக்கும் அவர்கள் 54க்கு முன்பே சேர்ந்தவர்கள். 1862 ஆகஸ்டில் ஸ்டான்டனே எழுத்தில் கொடுத்த உத்தரவில் அவர்களுக்கும் மற்ற தன்னார்வலர்களுக்குரிய அதே சம்பளம் என்றுதான் இருந்தது. அவர்களுடைய கர்னல் தாமஸ் வென்ட்வொர்த் ஹிக்கின்சன் இதைச் சுட்டிக்காட்டிப் பத்திரிகைகளுக்கும் காங்கிரஸுக்கும் எழுதிக்கொண்டே இருந்தார். 1865 மார்ச் 3 அன்றுதான், சேரும்போது சம சம்பளம் என்று வாக்குக் கொடுக்கப்பட்ட எல்லாக் கருப்பின ரெஜிமென்ட்டுகளுக்கும், பிறப்பு என்னவானாலும், முன்தேதியிட்டு முழுப் பாக்கியையும் கொடுக்கச் சட்டம் நிறைவேறியது. போர் முடிய அப்போது ஐந்து வாரம் இருந்தது.